கூடுதல் பாடம்

பாடப் பட்டியலில் கணிதத்தின் எண் 211. மனையியலின் எண் 216. இடையில் நான்கே பாடங்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடங்களில் தேறினால் போதும். அவற்றில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். கணிதம் கட்டாயமில்லை. என் மகள் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வந்து, “பாத்தியாம்மா, கணக்கே இல்லாம பத்தாவது முடிக்கலாம்” என்று சொன்னபோது, எட்டு மாதங்களுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்ததைக் கண்டேன். எனக்கோ வயிற்றைப் பிசைந்தது.

அந்த எட்டு மாதக் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் வியாழக்கிழமைதோறும் கணிதத் தேர்வு. மதிப்பெண் வரிசைப்படி பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைப்பார்கள். கடைசி இரண்டு வரிசையில் இருப்பவர்கள் நின்றுகொண்டே பாடம் கேட்க வேண்டும். புதன் இரவு அவளுக்கு வயிற்றுவலி வரத் தொடங்கியது. பிறகு செவ்வாய் இரவே வந்தது. ஒரு நாள் ஆசிரியர் எல்லோர் முன்னாலும், “தமிழ் மேடம் மகளுக்குக் கணக்கு எதுக்கு? நீ கவிதை எழுதப் போ” என்றிருக்கிறார். இவள் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அழவில்லை. “அவங்க சொன்னது சரிதானேம்மா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு அவளை அந்தக் கட்டடத்துக்குள் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பதினான்கு முடிந்திருந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பேசும் ஆறு முதல் பதினான்கு வயது என்ற எல்லையைத் தாண்டியிருந்தாள். திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேரவும் அதே பதினான்குதான் குறைந்தபட்ச வயது.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது, ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு குளிக்க மாட்டேன் என்று சொல்வதைப் போல. தெருவுக்கு ஒரு பள்ளிக்கூடம் உள்ள ஊர் இது. “பொம்பளப் பிள்ளைய வீட்டுல வச்சுக்கிட்டு என்னட்டி செய்யப் போற?” என்று என் அம்மா கேட்டாள். எட்டாம் வகுப்போடு வீட்டில் நிறுத்தப்பட்டவள் அவள். அவளுக்கு வீட்டுக்கல்வி என்ற சொல்லின் முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா வேறு விதமாகச் சொன்னார்: “பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம இருக்கதுக்குக் கூடக் காசு வேணும் போலக்கா.” அவர் மகள் அரசுப் பள்ளியில் முதல் குரூப் படிக்கிறாள். எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஆயத்தொலை வடிவியலை மூன்றே வரியில் விளக்கிவிட்டுப் போவாள். நான் இங்கே எழுதுகிற சங்கடங்களெல்லாம் தேர்ந்தெடுக்க வசதி உள்ளவளின் சங்கடங்கள் என்பதை அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஆக, எங்கள் முன்னால் இருந்த கேள்வி எந்தக் கணிதம் என்பது. அதற்கு முன்னால் இன்னொரு கேள்வியும் இருந்தது. கணிதம் வேண்டுமா?

என் பெரியம்மாவின் காலத்தில் பழைய எஸ்.எஸ்.எல்.சி.யில் காம்போசிட் மேத்ஸ், ஜெனரல் மேத்ஸ் என்று இரண்டு இருந்தன. பெரியம்மாவை ஜெனரலில் போட்டார்கள். போட்டார்கள் என்றுதான் அவள் இன்றும் சொல்வாள், எடுத்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்போது அது சின்ன விஷயமாகத் தெரிந்திருக்கிறது. கொஞ்சம் எளிதான பாடம், அவ்வளவுதான். பி.யு.சி.யில் சேரப் போனபோதுதான் அறிவியல் பக்கம் கதவு மூடியிருப்பது தெரிந்தது. யாரும் அவளிடம் ‘நீ டாக்டராகவோ என்ஜினியராகவோ ஆகக் கூடாது’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

இந்த நாட்டில் பெண்களுக்குத் தனிப் பாடத்திட்டம் வேண்டும், வீட்டுப் பொறுப்புக்கு ஏற்றதாக வேண்டும் என்ற பேச்சு சுதந்திரத்துக்குப் பிறகும் ஓயவில்லை. ஹன்சா மேத்தா தலைமையிலான குழு 1962இல்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் பாடத்திட்டத்தில் பாகுபாடு கூடாது என்று தெளிவாகச் சொன்னது. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில் ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படக்கூடிய ஆங்கிலச் சொல்லை ‘எல்லா மனிதர்களும்’ என்று மாற்றக் காரணமாயிருந்த அதே ஹன்சா மேத்தா. அதைத் தொடர்ந்து 1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி குழுவும் இதை ஏற்று, பத்தாண்டுப் பள்ளிப் படிப்பில் கணிதமும் அறிவியலும் எல்லோருக்கும் பொது என்று பரிந்துரைத்தது. என் மகளை வாட்டிய அந்தக் ‘கட்டாயக் கணிதம்’, ஒரு விதத்தில் பெண்களுக்காக வாங்கப்பட்ட உரிமை. அதை நான் என் கையால் விண்ணப்பத்தில் அடித்துவிடுவதா? உரிமையாக வந்த ஒன்று வியாழக்கிழமை வயிற்றுவலியாகப் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதும் உண்மைதான். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்துக்காக, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் தலைமையிலான குழு கணிதக் கல்வியைப் பற்றி எழுதிய அறிக்கை, பிள்ளைகளின் அச்சத்தையும் தோல்வி உணர்வையும்தான் முதன்மைச் சிக்கலாக எடுத்துக்கொண்டது. அறிக்கை எழுதியவர்களுக்குத் தெரிந்தது அந்த வகுப்பறைக்கு வந்து சேரவில்லை.

என் கதையையும் சொல்லிவிட வேண்டும். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் நான் வாங்கியது 41. அப்பா அதைப் பற்றி ஒன்றும் திட்டவில்லை. “பரவாயில்ல, பிள்ள தமிழ் எடுத்துக்கட்டும்” என்றார். தமிழைக் காதலித்துத்தான் தமிழ் படித்தேன் என்று மேடைகளில் சொல்லியிருக்கிறேன், நேர்காணல்களில் சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை. ஆனால் காதல் முதலில் வந்ததா, கதவு முதலில் மூடியதா என்று கேட்டால் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. எட்டாத திராட்சையைப் புளிப்பு என்ற நரியின் கதையை வைத்து யோன் எல்ஸ்டர் 1983இல் ஒரு புத்தகமே எழுதினார். கிடைக்காததை வேண்டாததாக மனம் மாற்றிக்கொள்வதைப் பற்றியது அது. பெண்ணியச் சிந்தனையாளர்கள் அந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. எங்கள் கல்லூரிச் சேர்க்கை மேசையில் உட்கார்ந்து ஆண்டுதோறும் பிள்ளைகளிடம் ‘ஏன் தமிழ்?’ என்று கேட்கிறேன். ‘பிடிக்கும் மேடம்’ என்ற பதிலுக்குப் பின்னால் கொஞ்சம் தயங்கி, ‘கணக்கு வரல மேடம்’ என்று சேர்ப்பவர்கள் பலரும் பெண்கள். வரல. ஏதோ பேருந்து வராததைப் போல.

நரி கதையில் எனக்கு ஒரு குறை உண்டு. அந்த நரி பிறகு வேறு ஏதோ பழத்தைத் தின்று நன்றாகவே வாழ்ந்திருக்கலாம். அதைப் பாவம் என்று பார்ப்பதற்கு நமக்கு யார் உரிமை தந்தது? என் வாழ்க்கையைத் தேறாத மாணவியின் வாழ்க்கையாக யாராவது எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்படியிருக்க, என் மகள் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லும்போது மட்டும் அது அவளுடைய குரல் இல்லை, அந்த ஆசிரியரின் குரல் என்று நான் எப்படி முடிவுகட்டினேன்?

ஜோயல் ஃபைன்பெர்க் என்ற தத்துவவாதி 1980இல் எழுதிய கட்டுரை ஒன்றில் குழந்தைக்குத் திறந்த எதிர்காலத்துக்கான உரிமை உண்டு என்கிறார். பெரியவளானதும் அவளே எடுக்க வேண்டிய முடிவுகளைப் பெற்றோர் இப்போதே எடுத்து மூடிவிடக் கூடாது. அப்படிப் பார்த்தால் விடை சுலபம்: கணிதம் படிக்க வேண்டும், கதவு திறந்திருக்கும். ஆனால் திறந்திருக்கும் கதவுக்கும் விலை உண்டு. எல்லாக் கதவையும் யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமே. அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளைதான். பின்னால் வரப்போகும் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தியின் வசதிக்காக, இன்றைய பெண் புதன் இரவெல்லாம் வாந்தி எடுக்க வேண்டும் என்றால், அந்த இருவரில் என் மகள் யார்?

இந்தத் தர்க்கத்தோடு நான் ஒரு மாதம் சுற்றினேன். நடைமுறை வேலையோ மேசைமீது காத்திருந்தது.

மூன்று பாடத்திட்டங்களை எடுத்துவைத்துக்கொண்டு நானே படித்துப் பார்த்தேன். மாநிலப் பாடநூல் நன்றாகவே இருக்கிறது. உறவுகளும் சார்புகளும் தொடங்கி நிகழ்தகவு வரை எட்டு இயல். கலைச்சொற்கள் எனக்குப் பிடித்திருந்தன. ‘சார்பு’ என்ற சொல்லைக் கவிதைக்குத் திருடலாம் என்று தோன்றியது. சிக்கல் நூலில் இல்லை, தேர்வைச் சுற்றி வளர்ந்திருக்கும் பழக்கத்தில். ‘வரைபடமும் செய்முறை வடிவியலும் போட்டுத் தள்ளு, ரெண்டு எட்டு மார்க்கு, பாஸ்’ என்று எல்லோரும் சொல்லும் வழி. அவள் ஓடிவந்ததே அந்த வழியிலிருந்து.

கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ.யைத் தனித்தேர்வராக எழுதலாம் என்றார்கள். கணிதத்தில் கோர், எக்ஸ்டெண்டட் என்று இரண்டு தளம். கோர் எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி கிரேடுக்கு மேல் கிடையாது. காம்போசிட், ஜெனரல் என்ற பெரியம்மாவின் பழைய கதை வேறு உடுப்பில். சி.பி.எஸ்.இ.யும் 2019–20 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புக்கு ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டு கணிதத் தேர்வைக் கொண்டுவந்தது. பாடம் ஒன்றுதான், வினாத்தாளின் கடினம்தான் வேறு. அச்சத்தைக் குறைக்கத்தான் செய்தார்கள், அதைப் பழிக்க மாட்டேன். ஆனால் பேசிக் என்ற பெட்டிக்குள் யார் வீட்டுப் பிள்ளைகள் அதிகம் போவார்கள், அவர்களைப் போகச் சொல்வது யார் என்ற கேள்வி எனக்கு விடவில்லை. ஐ.ஜி.சி.எஸ்.இ.யைப் பொறுத்தவரை, கட்டணத்தைப் பார்த்ததும் கொள்கைப் பேச்சுக்கு அவசியமில்லாமல் போயிற்று.

திறந்தநிலைப் பள்ளியின் கணித நூல் பார்வைக்கு எளிமையானது. இயற்கணிதம், வணிகக் கணிதம், வடிவியல், அளவியல், முக்கோணவியல், புள்ளியியல் என்று ஆறு பகுதி. வணிகக் கணிதத்தில் தவணைமுறையில் பொருள் வாங்குவதைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களும் படிப்பை இடையில் விட்டவர்களும் எழுதும் தேர்வு என்பதை நினைத்து எழுதியவர்கள் வைத்த பாடமாக இருக்கும். அதைப் படித்துக்கொண்டிருந்த அன்று என் அம்மா வந்திருந்தாள். மகளும் நானும் அம்மா வாங்கிய குளிர்சாதனப் பெட்டியைக் கணக்காக்கினோம். ரொக்க விலை 15,000. முன்பணம் 3,000. மீதிக்கு மாதம் 1,100 வீதம் பன்னிரண்டு மாதம். கடன் 12,000, கட்டியது 13,200, கூடுதல் 1,200. பத்துச் சதவீதம் வட்டி என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மகள்தான் நிறுத்தினாள். “ஆச்சி மாசா மாசம் குடுத்துக்கிட்டே வந்துருக்காளே? கடைசி மாசம் பன்னெண்டாயிரமா கடன் இருந்துச்சு?” கடன் மாதந்தோறும் குறைகிறது, வட்டி மட்டும் முழுக் கடனுக்கும் போடப்பட்டிருக்கிறது. குறையும் கடனுக்குப் போட்டுப் பார்த்தால் உண்மையான வட்டி அந்தப் பத்தின் இருமடங்கை நெருங்கியது. அம்மா வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னாள்: “அவன் சிரிச்ச சிரிப்புலயே எனக்குத் தெரியும்ட்டி. கேக்கத்தான் தெரியல.”

அன்றைக்கு எனக்கு ஒன்று பிடிபட்டது. கணிதம் வேண்டும் என்று நான் அடம்பிடித்ததெல்லாம் நீட், பொறியியல், முதல் குரூப் என்ற கதவுகளை மனதில் வைத்துத்தான். அம்மாவுக்கு அந்தக் கதவுகளில் ஒன்றும் இல்லை. அவளுக்குத் தேவைப்பட்டது கடைக்காரரிடம் கேட்கத் தெரிகிற ஒரு கேள்வி.

அடுத்து, யார் சொல்லிக்கொடுப்பது? என் கணவர் கணிதத்தில் கெட்டிக்காரர். வங்கியில் வேலை. ‘நான் பாத்துக்கிறேன்’ என்றார், இருபது நிமிடத்தில் ‘இதுகூடப் புரியலையா’ என்ற இடத்துக்கு வந்துசேர்ந்தார். அவருக்குப் பொறுமை இருந்திருந்தாலும் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. தமிழுக்கு அம்மா, கணக்குக்கு அப்பா என்று வீட்டுக்குள்ளேயே ஒரு பாடம் நடக்குமே. நான் உட்கார்ந்தால் என் பயம் அவளுக்குப் போகும். இதற்கு ஆய்வும் இருக்கிறது: முதல், இரண்டாம் வகுப்பு ஆசிரியைகளுக்குக் கணிதப் பயம் இருந்தால் அது அந்த வகுப்புச் சிறுமிகளின் மதிப்பெண்ணிலேயே தெரிகிறது என்று சியான் பெய்லாக் முதலியோர் 2010இல் எழுதினார்கள். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. பயத்தை எங்களுக்குக் கொடுத்ததும் நீங்கள், கடத்துகிறோம் என்று கணக்கெடுப்பதும் நீங்கள். கடைசியில் நான்தான் உட்கார்ந்தேன். காலை ஐந்து முதல் ஆறரை வரை. நான் எழுதும் நேரம் அது. இந்த ஆண்டு நான் எழுதிய கவிதைகள் நான்கு. வீட்டுக்கல்வி என்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த நேரம் யாருடைய கணக்கிலிருந்து கழிகிறது என்பதையும் எழுதலாம்.

வீட்டிலேயே கணிதம் படித்த பெண்கள் முன்பும் இருந்தார்கள். ஸ்காட்லாந்தின் மேரி சாமர்வில் இயற்கணிதத்தை முதன்முதலில் பார்த்தது பெண்களுக்கான ஓர் இதழின் புதிர்ப் பக்கத்தில். இரவில் யூக்ளிட் படிக்கிறாள் என்று அவரது மெழுகுவத்திகளை எடுத்துப்போய்விட்டார்கள். சோஃபியா கோவலெவ்ஸ்கயாவின் குழந்தைப் பருவ அறைச் சுவரில், காகிதம் போதாமல், நுண்கணித விரிவுரைத் தாள்களை ஒட்டியிருந்தார்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாராம். அவர்களுக்குப் பள்ளியும் பல்கலைக்கழகமும் மறுக்கப்பட்டதால் வீடு. எங்களுக்குப் பள்ளி தாங்க முடியாததால் வீடு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பெருமை பேச நான் விரும்பவில்லை. மெழுகுவத்தியை நான் எடுத்துப்போகிறேனா, அவள் கையில் வற்புறுத்தித் திணிக்கிறேனா என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம் என்று ஒருநாள் யாப்பருங்கலக் காரிகையை எடுத்தேன். அசை இரண்டே: நேர், நிரை. ஓரசைச் சீர் இரண்டு, ஈரசைச் சீர் நான்கு, மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு, ஆகச் சீர் முப்பது. இருபது ஆண்டுகளாக வகுப்பில் தேமா, புளிமா என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்துவருகிறேன். ஒருமுறைகூட ஏன் நான்கு, ஏன் எட்டு என்று கேட்டதில்லை. அவள் தாளில் கிளை கிளையாகப் போட்டாள். “ஒவ்வொரு தடவையும் ரெண்டு வழிம்மா. இரட்டிச்சுக்கிட்டே போகுது. அஞ்சு அசைன்னா முப்பத்திரண்டு.” கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி எழுத்து 16, நிரையில் தொடங்கினால் 17 என்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்த நான்தான் கணக்கு வராதவள் என்று முப்பது ஆண்டு நம்பியிருக்கிறேன்.

அந்தக் காரிகை நூல் முழுவதும் ஒரு பெண்ணை விளித்துப் பாடப்பட்டது. மகடூஉ முன்னிலை என்போம். 1150 அளவில் பாஸ்கரர் எழுதிய லீலாவதியிலும் கணக்குகள் ஒரு பெண்ணை அழைத்துக் கேட்கப்படுகின்றன. அவள் அவருடைய மகள் என்றும், திருமண முகூர்த்தம் தவறியதால் ஆறுதலாக அந்த நூலுக்கு அவள் பெயரை வைத்தார் என்றும் ஒரு கதை உண்டு. அது ஃபைஸியின் பாரசீக மொழிபெயர்ப்பு வழியாகப் பரவியது. இரு நூலிலும் அழைக்கப்படும் பெண் ஒரு இடத்திலும் வாய் திறப்பதில்லை. விடை தெரிந்ததா, எரிச்சல் வந்ததா, போதும் நிறுத்துங்கள் என்றாளா, எதுவும் பதிவாகவில்லை. இதை நான் ஆய்வுக் கட்டுரையாக எழுத எண்ணியிருந்தேன். அதற்குள் என் வீட்டில் அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

“நீ எனக்குக் கணக்குச் சொல்லிக்குடுக்குறது பிடிச்சிருக்கும்மா. ஆனா உன் 41 மார்க்க நான் போய் எழுதணுமா?”

நான் பதில் சொல்லவில்லை. எழுந்துபோய்ப் பால் காய்ச்சினேன். சமையலறையில் நின்று யோசித்தால் ஆத்திரம் சீக்கிரம் ஆறுகிறது. ஆறியபோது, அவள் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை என்று தெரிந்தது. பெரியம்மாவின் ஜெனரல் மேத்ஸ், அம்மாவின் எட்டாம் வகுப்பு, என் 41 எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி அவள் தோளில் ஏற்றி, அதற்கு விடுதலை என்று பெயர் வைத்திருந்தேன். மறுபாதி உண்மையும் இருந்தது. அவள் வேண்டாம் என்பது இன்னும் அந்த வகுப்பறையில் நின்றுகொண்டேதான். இரண்டில் எது கனம் என்று அளக்க என்னிடம் தராசு இல்லை.

வழியைக் கண்டுபிடித்தது அவள்தான். விதிமுறை நூலைக் கடைசி வரை படித்திருக்கிறாள். நான் படிக்கவில்லை. ஐந்து பாடங்களுக்கு மேல் இரண்டு பாடங்கள் வரை கூடுதலாக எடுக்கலாம். சேர்க்கை ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும், அதற்குள் ஒன்பது முறை தேர்வெழுதலாம். தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல், உளவியல், ஓவியம் ஐந்தும் தேர்ச்சிக்கு. கணிதம் ஆறாவது. எழுதாமல் விட்டாலும், எழுதித் தவறினாலும், ஐந்தில் தேறியது போகாது. “கதவு கதவுன்னு சொல்லிக்கிட்டே இருந்தியே. இது சாத்தியிருக்கு, பூட்டல” என்றாள்.

எனக்கு முழு நிம்மதி என்று சொல்ல முடியாது. கூடுதல் பாடம் என்பது சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைக்கும் பாத்திரம்போல எடுக்கப்படாமலே இருந்துவிடும். பதினோராம் வகுப்பில் கணிதத்தோடு சேர நினைத்தால் அப்போது அவசரமாகும். ஐந்து ஆண்டு நீண்டதாகத் தெரிகிறது, பத்தொன்பது வயது சீக்கிரம் வரும். இதையெல்லாம் அவளிடம் ஒரே ஒருமுறை, குரலை உயர்த்தாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். காலை ஐந்து மணி வகுப்பு வேண்டாம், சாயங்காலம் வாரத்துக்கு மூன்று நாள் போதும் என்றாள். ஒரு நாள் நான், இரண்டு நாள் அக்காவின் மகள். சொல்லிக்கொடுப்பதற்கு அவளுக்கு ஒரு தொகை பேசியிருக்கிறோம். அவள் அம்மா வேண்டாம் என்றார். அவளே வேண்டும் என்றாள், எவ்வளவு என்பதையும் சொன்னாள்.

இணையத்தில் ஏற்றும் முன் தாளில் நிரப்பிப் பார்த்தோம். ஐந்து கட்டங்களையும் பேனாவால் நிரப்பினாள். ஆறாவது கட்டத்தில் பென்சிலால் 211 என்று எழுதினாள். கட்டணம் செலுத்தக் கடைசி நாள் அடுத்த வெள்ளி. “பேனாவால நான்தான் எழுதுவேன், நீ எழுதக் கூடாது” என்று சொல்லிவிட்டு, ஐந்து அசையை ஏன் தமிழில் சீராகச் சேர்க்கவில்லை என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நாளை நூலகத்தில் காரிகை உரையைப் பார்க்க வேண்டும்.